பெண்களுக்குத்தான் ‘கை நேக்கு’ வருமா? மூளையும் ஹார்மோன்களும் சொல்வது என்ன?

விடியற்காலையில் கும்மிடிப்பூண்டி போகும் மின்சார ரயிலில் உட்கார இடம் கிடைப்பதே பெரிய விஷயம். மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை என ஒவ்வொரு நிறுத்தத்திலும் கழுத்தில் அடையாள அட்டை தொங்க ஏறுகிறவர்களில் பெரும்பாலானோர் சிப்காட்டுக்கு வேலைக்குப் போகிறவர்கள். அப்படி ஒரு பயணத்தில் எதிரே இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள்.

“மெஷின் செட்டிங் கத்துக்கறேன்னு கேட்டேன்க்கா. ‘அதெல்லாம் ஆம்பள மூளைக்குத்தாம்மா வரும். உனக்குக் கை நேக்கு இருக்கு, பொறுமை இருக்கு, அசெம்பிளியிலயே இரு’ங்கறாரு.”

“எனக்கும் அதையேதான் சொன்னாங்க. எட்டு வருஷம் ஆச்சு” என்றார் மூத்தவர்.

சூப்பர்வைசர் திட்டவில்லை, பாராட்டித்தான் இருக்கிறார். ஆனால் அந்தப் பாராட்டில் ஒரு கதவு சாத்தப்படுகிறது. லைனில் நின்று பாகங்களைப் பொருத்துகிறவருக்கு ஒரு சம்பளம், இயந்திரத்தை செட் செய்யத் தெரிந்தவருக்கு வேறு சம்பளம். இந்தியத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் 100-க்கு 40 பேருக்கு மேல் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். ‘பெண் மூளை இப்படித்தான்’ என்ற பேச்சு சரியா தவறா என்பது, அதனால் இங்கே வெறும் அறிவியல் ஆர்வத்துக்கான கேள்வி இல்லை. மாதக் கடைசியில் கைக்கு வரும் தொகை சம்பந்தப்பட்டது.

அப்போ, ஆண் மூளை, பெண் மூளை என்பதெல்லாம் கட்டுக்கதையா? அப்படியும் சொல்லிவிட முடியாது. ஹார்மோன்கள் மூளையைத் தொடத்தான் செய்கின்றன. எங்கே, எவ்வளவு என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

சுவருக்குள் பதித்த வயர்

கரு உருவாகி முதல் ஆறு வாரங்கள் வரை ஆண் கரு, பெண் கரு இரண்டின் உடலமைப்பும் ஒன்றுபோலவே இருக்கும். பிறகு ஒய் குரோமோசோமில் இருக்கும் எஸ்.ஆர்.ஒய் என்ற மரபணு வேலையைத் தொடங்குகிறது. 1990-ல்தான் இந்த மரபணுவை அடையாளம் கண்டார்கள். அது இருந்தால் கருவின் பாலினச் சுரப்பி விந்தகமாக மாறும். ஏறத்தாழ எட்டாவது வாரத்தில் இருந்து விந்தகம் டெஸ்டோஸ்டிரோனைச் சுரக்கிறது. நான்காவது மாத வாக்கில் அது உச்சத்துக்குப் போய், பிறகு இறங்குகிறது. பிறந்த பிறகும் முதல் சில மாதங்களில் ஆண் குழந்தையின் உடலில் அது மறுபடி ஒருமுறை ஏறி இறங்கும். ரத்தத்தில் கலந்த ஹார்மோன் மூளையையும் எட்டுகிறது.

எட்டி என்ன செய்கிறது? 1959-ல் அமெரிக்காவின் கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் சினையாக இருந்த கினிப் பன்றிகளுக்கு டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டார்கள். அவை ஈன்ற பெண் குட்டிகள் வளர்ந்ததும், இணை சேரும் விஷயத்தில் ஆண் விலங்கைப் போல நடந்துகொண்டன. இன்றுவரை இந்தத் துறையின் அடிப்படையாக இருக்கும் கருத்து அதிலிருந்து பிறந்ததுதான். வீடு கட்டும்போதே சுவருக்குள் வயரைப் பதித்துவிடுகிறோம் இல்லையா, கருவில் ஹார்மோன் செய்வது அது. பருவ வயதில் வரும் ஹார்மோன் சுவிட்சைப் போடுகிறது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. எலிகளில், மூளைக்குள் நுழையும் டெஸ்டோஸ்டிரோன் அங்கே ஈஸ்ட்ரோஜனாக மாற்றப்பட்டு, அதன் பிறகுதான் ஆண் மூளையின் வடிவத்தை உருவாக்குகிறது. ‘பெண் ஹார்மோன்’ என்று நாம் பெயர் வைத்திருக்கும் சரக்குதான் எலியை ஆணாக்குகிறது! மனிதர்களில் அப்படி நடப்பதாகத் தெரியவில்லை. டெஸ்டோஸ்டிரோனே நேரடியாக வேலை செய்கிறது. எலியை வைத்துச் சொன்னதையெல்லாம் அப்படியே மனிதர் மேல் ஏற்றக் கூடாது என்பதற்கு இது ஒன்றே போதும்.

மனிதரைப் பற்றி எப்படித் தெரிந்துகொள்வது? கர்ப்பிணிக்கு ஊசி போட்டுப் பார்க்க முடியாது. இயற்கையே செய்த சில சோதனைகளைத்தான் ஆராய்ச்சியாளர்கள் கவனிக்கிறார்கள். அதில் முக்கியமானது சி.ஏ.ஹெச் என்று டாக்டர்கள் சுருக்கமாகச் சொல்லும் பிறவிக் குறைபாடு. சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பி, ஒரு நொதி குறைவதால் ஆண் ஹார்மோன்களை அளவுக்கு மீறிச் சுரக்கும். இது நம்ம ஊருக்கு அந்நியமான நோய் இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஐந்து பெருநகரங்களில் லட்சம் குழந்தைகளுக்கு மேல் பரிசோதித்தபோது, நாட்டு சராசரியாக ஏறத்தாழ 5,800 குழந்தைகளுக்கு ஒன்று என்று வந்தது. சென்னையில் மட்டும் அது சுமார் 2,000-க்கு ஒன்று. சில வகைகளில் பிறந்த முதல் சில வாரங்களிலேயே உப்புச்சத்து இறங்கி உயிருக்கு ஆபத்தாகலாம். குதிகாலில் எடுக்கும் ஒரு சொட்டு ரத்தத்தில் கண்டுபிடித்துவிடலாம், மாத்திரையால் சமாளிக்கலாம் என்பதால் இதைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை.

இந்தக் குறைபாட்டோடு பிறந்த பெண் குழந்தைகள் கருவிலேயே வழக்கத்தைவிட அதிக ஆண் ஹார்மோனில் ஊறியவர்கள். அவர்களைப் பல நாடுகளில் கவனித்ததில் ஒன்று திரும்பத் திரும்ப உறுதியானது: பொம்மையைவிட வண்டி, கட்டுமான விளையாட்டுச் சாமான்கள் பக்கம் அவர்கள் கை கூடுதலாகப் போகிறது. ஆக, ஆர்வத்தில் ஹார்மோனுக்கு ஒரு பங்கு இருக்கிறது. ஆனாலும் அவர்களில் பெரும்பாலானோர் தங்களைப் பெண்ணாகவே உணர்கிறார்கள். அறிவுத்திறனில் அவர்கள் தனி இனமாக மாறிவிடுவதும் இல்லை.

ஹார்மோன் வந்தால் மட்டும் போதாது, அதை வாங்கிக்கொள்ள செல்லில் ஏற்பியும் வேண்டும். சாவி இருந்தாலும் பூட்டு சரியில்லை என்றால் கதவு திறக்குமா? ஒய் குரோமோசோம், டெஸ்டோஸ்டிரோன் இரண்டும் இருந்தும், ஏற்பி வேலை செய்யாததால் வெளித்தோற்றத்தில் பெண்ணாகவே வளர்கிறவர்கள் உண்டு. ‘ஆண் ஹார்மோன் இருந்தால் ஆண்’ என்ற எளிய கணக்கு அங்கேயே உதைக்கிறது.

கருவில் மூளை எப்படி வளர்கிறது என்பதற்கான மிக விரிவான படங்களில் ஒன்று நம்ம பக்கத்திலேயே தயாரானது. சென்னை ஐ.ஐ.டி.யின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் 2024 டிசம்பரில் ‘தரணி’ என்ற தொகுப்பை வெளியிட்டது. 14 முதல் 24 வாரம் வரையிலான ஐந்து கரு மூளைகளை 5,132 சீவல்களாக, செல் அளவுக்குத் துல்லியமாகப் படமெடுத்திருக்கிறார்கள். ஆண் பெண் வேறுபாட்டைத் தேடிச் செய்த வேலை அல்ல அது. ஆனால் டெஸ்டோஸ்டிரோன் உச்சத்தில் இருந்து இறங்கும் அதே வாரங்கள்தான் அவை.

மொசைக் தரை

வளர்ந்தவர்களின் மூளைக்கு வருவோம். சராசரியாக ஆணின் மூளை பெண்ணுடையதைவிடப் பத்து, பதினொரு சதவீதம் பெரியது. இதைக் கேட்டதும் சிலருக்கு மீசை துடிக்கும். உடம்பு பெரிது, அதனால் மூளையும் பெரிது, பெரும்பாலும் அவ்வளவுதான். இதயம், நுரையீரல் எல்லாமே ஆண்களுக்குச் சராசரியாகப் பெரியவை. மூளை அளவைக் கழித்துவிட்டுப் பார்த்தால், மிச்சமிருக்கும் அமைப்பு வேறுபாடுகளில் பாலினத்தின் பங்கு ஏறத்தாழ ஒரு சதவீதம்தான் என்று, முப்பது ஆண்டு ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த லிஸ் எலியட் குழு 2021-ல் எழுதியது.

அதற்கு முன்பு, 2015-ல், இஸ்ரேலைச் சேர்ந்த டாஃப்னா ஜோயல் வேறு விதமாக இதைப் பார்த்தார். 1,400-க்கும் மேற்பட்ட மூளைகளின் எம்.ஆர்.ஐ படங்களை எடுத்துக்கொண்டு, ஆண்களிடம் அதிகம் காணப்படும் அம்சங்கள், பெண்களிடம் அதிகம் காணப்படும் அம்சங்கள் என்று பிரித்தார். எல்லா அம்சங்களும் ஒரே பக்கமாக இருந்த மூளைகள் எத்தனை? எந்தத் தொகுப்பை எடுத்தாலும் 100-க்கு எட்டைத் தாண்டவில்லை. மற்றவை எல்லாம் கலவை. அவர் அதற்கு மொசைக் என்று பெயர் வைத்தார். பழைய வீடுகளின் மொசைக் தரையை நினைத்துக்கொள்ளுங்கள். சில தரைகளில் பச்சைச் சில்லு அதிகம், சிலவற்றில் சிவப்பு. ஒரே நிறத்தில் மொசைக் கிடையாது.

இதற்கு எதிர்ப்பும் வந்தது; அதைச் சொல்லாமல் விடுவது நியாயம் இல்லை. எல்லா அம்சங்களையும் சேர்த்துக் கணினியிடம் கொடுத்தால் அது ஆணா பெண்ணா என்று சரியாகச் சொல்லிவிடுகிறதே என்றார்கள். 2024-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் வினோத் மேனன் குழு, இருபதில் இருந்து முப்பத்தைந்து வயது வரையிலான சுமார் 1,500 பேரின் மூளை இயக்கப் படங்களைச் செயற்கை நுண்ணறிவிடம் கொடுத்தது. 90 சதவீதத்துக்கும் மேல் சரியாகச் சொன்னது.

இரண்டும் எப்படி உண்மையாக இருக்க முடியும்? முகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மூக்கை மட்டும் காட்டினால் ஆணா பெண்ணா என்று சொல்வது கஷ்டம். முழு முகத்தைக் காட்டினால் சட்டென்று சொல்லிவிடுவோம். ஆனால் அந்த முகத்தைப் பார்த்து, இவருக்கு லேத் ஓட்ட வருமா வராதா என்று சொல்ல முடியுமா? மூளைப் படமும் அந்த மாதிரிதான். தவிர, இருபது வயது மூளையில் தெரிவதெல்லாம் ஹார்மோன் எழுதியதா, இருபது வருட வளர்ப்பு எழுதியதா என்று படத்தை வைத்து மட்டும் பிரிக்கவும் முடியாது.

நேக்கு விரலில் இருக்கிறதா, மூளையிலா?

இப்போது அந்தக் ‘கை நேக்கு’.

சின்னச் சின்னத் துளைகளில் குச்சிகளை எவ்வளவு வேகமாகச் செருகுகிறோம் என்று பார்க்கும் சோதனை ஒன்று உண்டு. பர்டூ பெக்போர்டு என்று பெயர். 1940-களில் அமெரிக்காவில் அசெம்பிளி வேலைக்கு ஆள் எடுக்கவென்றே உருவாக்கியது. அதில் சராசரியாகப் பெண்கள்தான் முந்துகிறார்கள். அப்போ சூப்பர்வைசர் சொன்னது சரிதானே? 1990-ல் கனடாவில் மைக்கேல் பீட்டர்ஸ் குழு ஒரு எளிய காரியம் செய்தது. சோதனைக்கு வந்தவர்களின் விரல் தடிமனையும் அளந்து கணக்கில் சேர்த்தது. வித்தியாசம் காணாமல் போய்விட்டது! மூளையில் இருப்பதாக நினைத்த நேக்கு, பெருமளவுக்கு விரலின் சுற்றளவில் இருந்திருக்கிறது. சின்னக் குச்சியை ஒல்லி விரல் சுலபமாகப் பிடிக்கிறது, அவ்வளவுதான்.

விரல் அளவு ஒரு பக்கம் என்றால், பழக்கம் இன்னொரு பக்கம். டயான் எல்சன், ரூத் பியர்சன் என்ற இரண்டு பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் 1981-லேயே இதை எழுதிவிட்டார்கள். ஏற்றுமதித் தொழிற்சாலைகளில் இளம்பெண்களைத் தேடித் தேடி எடுப்பதன் காரணம், வீட்டில் தையலும் கைவேலையும் சிறுவயதிலேயே பழகி வருவதுதான் என்றார்கள். நம்ம ஊரில் பூ கட்டுவது, அரிசியில் கல் பொறுக்குவது, புள்ளி பிசகாமல் கோலம் போடுவது எல்லாம் வருடக்கணக்கான பயிற்சி. சான்றிதழ் மட்டும் கிடையாது. ஐ.டி.ஐ.யில் இரண்டு வருடம் ஃபிட்டர் படித்த பையனுக்குப் பெயர் ‘ஸ்கில்டு’. அம்மாவிடம் பத்து வருடம் படித்த பெண்ணுக்கு அது ‘பிறவியிலேயே வந்தது’. பிறவியில் வந்ததற்கு யார் சம்பளம் கூட்டித் தருவார்கள்?

மறுபக்கம், இயந்திர வரைபடத்தைப் பார்த்து, ஒரு பாகத்தை மனதுக்குள்ளேயே திருப்பிப் பார்க்கும் திறமை. ஆண் பெண் சிந்தனைத் திறன்களில் சராசரி வித்தியாசம் மிகப் பெரிதாகத் தெரிவது இதில்தான். ஆண்கள் முன்னால் இருக்கிறார்கள். ஹார்மோன் காரணமா? கொஞ்சம் இருக்கலாம். ஆனால் இதற்கு இந்தியாவிலேயே ஒரு நல்ல சோதனை நடந்திருக்கிறது. 2011-ல் வெளியான ஆய்வு அது. வடகிழக்கில் அருகருகே வாழும் காசி, கர்பி என்ற இரண்டு பழங்குடிச் சமூகங்களைச் சேர்ந்த சுமார் 1,300 பேரிடம், நான்கு கட்டைகளைச் சேர்த்து ஒரு குதிரைப் படத்தை உருவாக்கச் சொன்னார்கள். காசி சமூகத்தில் சொத்து கடைசி மகளுக்குப் போகும். கர்பி சமூகத்தில் நிலம் ஆண்களுக்கு. கர்பி பெண்கள் ஆண்களைவிட 36 சதவீதம் அதிக நேரம் எடுத்தார்கள். காசி பெண்களுக்கும் ஆண்களுக்கும் வித்தியாசமே இல்லை. அக்கம்பக்கத்து ஊர்கள், அதே சோறு, ஏறக்குறைய அதே வயல் வேலை. மாறியது யாருக்குச் சொத்து, யாருக்குப் படிப்பு என்பதுதான்.

பயிற்சியும் வேலை செய்கிறது. டொரண்டோவில் 2007-ல் மாணவ மாணவியருக்குப் பத்து மணி நேரம் ஆக்‌ஷன் வீடியோ கேம் ஆடக் கொடுத்ததில், இதே திறமையில் இருந்த இடைவெளி கிட்டத்தட்ட மூடியது. பெண்கள்தான் கூடுதலாக முன்னேறினார்கள். ஐந்து மாதம் கழித்தும் அது நிலைத்திருந்தது. பத்து மணி நேரம் என்பது ஒரு ஓவர்டைம் நாள்.

கவனிக்க வேண்டிய வேறுபாடுகள்

எனக்கு இதில் எரிச்சல் தருவது இன்னொன்று. இல்லாத வேறுபாட்டை வைத்து வேலை பிரிக்கிறோம். இருக்கிற வேறுபாட்டைக் கண்டுகொள்வதே இல்லை.

ஒற்றைத் தலைவலியை எடுத்துக்கொள்ளுங்கள். பருவம் அடைவதற்கு முன் ஆண், பெண் இருவருக்கும் ஏறக்குறைய ஒரே அளவில் வரும் இது, பிறகு பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்காகிறது. மாதவிடாய்க்கு முன் ஈஸ்ட்ரோஜன் சட்டென்று இறங்குவது பலருக்கு அதைக் கிளப்பிவிடும். “தலவலின்னு லீவு கேக்குது” என்று சொல்லும்போது இதையும் நினைத்துக்கொள்ளலாம். மனச்சோர்வும் பெண்களிடம் ஏறத்தாழ இரு மடங்கு. அதில் ஹார்மோனுக்கு எவ்வளவு பங்கு, வேலைப் பளுவுக்கும் வீட்டு வன்முறைக்கும் எவ்வளவு பங்கு என்பது தனியாக எழுத வேண்டிய விஷயம்.

மருந்துகளின் கதை இன்னும் மோசம். ஜோல்பிடெம் என்ற தூக்க மாத்திரை அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது 1992-ல். பெண்களின் உடலில் இருந்து அது மெதுவாகத்தான் வெளியேறும். இரவு 10 மில்லிகிராம் போட்டால், எட்டு மணி நேரம் கழித்தும் வண்டி ஓட்ட முடியாத அளவுக்கு மருந்து ரத்தத்தில் மிச்சம் இருப்பது ஆண்களில் 100-க்கு 3 பேருக்கு, பெண்களில் 15 பேருக்கு. பெண்களுக்கு அளவைப் பாதியாகக் குறைக்கச் சொல்லி அந்நாட்டு மருந்து ஆணையம் உத்தரவிட்டது 2013-ல்! இருபது வருடமாக இரு பாலருக்கும் ஒரே அளவுதான் போய்க்கொண்டிருந்தது. குழந்தை பெறும் வயதுப் பெண்களை ஆரம்பக் கட்ட மருந்துச் சோதனைகளில் சேர்க்க வேண்டாம் என்று அங்கே 1977 முதல் 1993 வரை வழிகாட்டுதலே இருந்தது.

அடுத்தது நைட் ஷிப்ட். இரவு வெளிச்சம் மெலடோனின் சுரப்பை அமுக்குகிறது. இரவுப் பணியை ‘புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளது’ என்ற பட்டியலில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2007-ல் சேர்த்தது. 2019-லும் அதை உறுதிசெய்தது. இதைப் படித்ததும், “அதான் பொம்பளைங்களுக்கு நைட் வேணாங்கறோம்” என்று யாராவது தொடங்குவார்கள். கொஞ்சம் பொறுங்கள். சிகாகோவில் பத்து இளைஞர்களை எட்டு இரவுகள் ஐந்து மணி நேரம் மட்டும் தூங்கவைத்தபோது, பகலில் அவர்களின் டெஸ்டோஸ்டிரோன் 10 முதல் 15 சதவீதம் வரை இறங்கியது. ஷிப்டு மாறி மாறி ஓடும் ரோலிங் மில் அண்ணன்களுக்கும் இது பொருந்தும். ஹார்மோன் என்றாலே பெண்கள் சமாச்சாரம் என்று நினைப்பதுதான் தப்பு. பிலிப்பைன்ஸின் செபு நகரில் 624 ஆண்களை நான்கரை வருடம் கவனித்தார்கள். அப்பாவானவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் குறைந்தது. குழந்தையை அதிக நேரம் பார்த்துக்கொண்டவர்களுக்கு அளவு இன்னும் குறைவாக இருந்தது. ஹார்மோன் வாழ்க்கையை மாற்றுகிறது என்றால், வாழ்க்கையும் ஹார்மோனை மாற்றுகிறது.

1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 66-வது பிரிவு, பெண்களை இரவில் ஆலை வேலையில் வைப்பதைத் தடுத்தது. ஒரு பெண் தொழிலாளி தொடுத்த வழக்கில், அந்தத் தடை பாரபட்சமானது என்று சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் 2000-ல் அதை ரத்து செய்தது. போக்குவரத்து, ஓய்வறை, பாதுகாப்பு என நிபந்தனைகளையும் விதித்தது. நீதிமன்றம் பெண் உடல் வேறு என்பதை மறுக்கவில்லை. அதைச் சாக்காக வைத்து வேலையை மறுக்க வேண்டாம், வேலையிடத்தைச் சரிசெய் என்றது.

மூளையை ஹார்மோன் மிகக் கண்கூடாக மாற்றும் காலம் கர்ப்பம். முதல் குழந்தை பெற்ற 25 பெண்களை ஸ்பெயினில், கருத்தரிப்பதற்கு முன்பும் பிரசவத்துக்குப் பிறகும் எம்.ஆர்.ஐ எடுத்துப் பார்த்த ஆய்வு 2017-ல் வந்தது. மற்றவரின் மனநிலையைப் புரிந்துகொள்ள உதவும் பகுதிகளில் சாம்பல்நிறப் பொருள் குறைந்திருந்தது. இரண்டு வருடம் கழித்தும் மாற்றம் இருந்தது. எலிசபெத் கிராஸ்டில் என்ற நரம்பியல் ஆய்வாளர் தன்னுடைய கர்ப்பத்தையே சோதனையாக்கி, 26 முறை ஸ்கேன் எடுத்துக்கொண்டார். 2024-ல் அந்த முடிவு வெளியானது. குறைவது என்றால் தேய்மானம் என்று பயப்பட வேண்டாம். பருவ வயதிலும் இப்படித்தான் வேண்டாத இணைப்புகளைக் கழித்து மூளை தன்னைச் செதுக்கிக்கொள்கிறது. குழந்தைக்கு என்ன வேண்டும் என்பதைக் கண்டுபிடிக்க ஒரு தாயின் மூளை தயாராகிறது என்றே ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

ரயிலில் மூத்தவர் இதைப் பற்றியும் பேசினார். குழந்தைக்கு எட்டு மாதம் இருக்கும்போது வேலைக்குத் திரும்பியவராம். “பால் கட்டிக்கும். பாத்ரூம்ல போய் பீய்ச்சிட்டு வந்து லைன்ல நிப்பேன்.” அதன் பிறகு ரெண்டு பேரும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

சட்டப்படி முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்துடன் விடுப்பு உண்டு. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் கட்டாயம் இருக்க வேண்டும்; ஒரு நாளில் நான்கு முறை தாய் அங்கே போய் வரலாம் என்றும் சட்டம் சொல்கிறது. உங்கள் யூனிட்டில் அது எந்தக் கட்டடத்தில் இருக்கிறது என்று ஹெச்.ஆரிடம் கேட்டுப் பாருங்கள்.